கரண்டியால் இமை சுருட்டுபவள்

சியுதாத் அஸ்தேக்கா. காலை ஐந்து ஐம்பது.
பெண்களுக்கான முதல் பெட்டி.
இரவு முழுக்க மருந்துக்கடைக் கல்லாவில் இருந்துவிட்டு
வீடு திரும்புகிறேன்.
எதிர் இருக்கையில் யுரிடியா
வேலைக்குக் கிளம்புகிறாள்.
பெயர் கழுத்து அட்டையில் இருந்தது.
முகம் இன்னும் வரவில்லை.

ஈரக்களிம்பை வீட்டிலேயே பூசியிருக்கிறாள்,
நெற்றி மினுங்கியது.
அது காயட்டும் என்று பிளாசா அரகோன் வரை
சும்மா இருந்தாள்.
விரல்கள் மட்டும் பைக்குள்
எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

ஒலிம்பிகா வந்ததும் ஐந்து பொட்டு:
நெற்றி, மூக்கு, முகவாய், இரண்டு கன்னம்.
ஈர ஸ்பாஞ்சால் தேய்க்காமல்
ஒற்றினாள், ஒற்றினாள்,
காய்ச்சல் பிள்ளைக்குத் துணி போடுவதுபோல.

"கன்சீலர்தான் முதல்ல"
என்றாள் பக்கத்தில் ஓப்துலியா.
வியாழன்தோறும் முட்டை அட்டைகளை மடியில் வைத்து
எங்களோடு வருகிறவள்.
"முதல்ல போட்டா இது துடைச்சிட்டுப் போயிடும், சென்யோரா.
மறைக்க என்ன மிச்சம்னு
பார்த்துட்டுத்தான் மறைக்கணும்."
ஓப்துலியா தன் முட்டைகளைப் பார்த்துக்கொண்டாள்.
கண்ணுக்குக் கீழே
யுரிடியாவுக்கு நிறைய மிச்சமிருந்தது.

கன்னச் சிவப்பு. பிறகு பவுடர்.
க்ரீம் எல்லாம் முடிந்தால்தான் பவுடர்;
மாறிப்போனால்
வெள்ளையடித்த சுவரில் மழை.

புருவம் வரையும்போது
வண்டி எங்கே குலுங்கும் என்று
தண்டவாளம் போட்டவனைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது.
வில்லா தெ அரகோனுக்கு முன்னால்
பென்சிலைத் தூக்கிக்கொண்டாள்.
குலுங்கியது.
மறுபடி வைத்தாள், விட்ட மயிரிலிருந்தே.

அப்புறம் கரண்டி.
சாப்பாட்டுக் கரண்டிதான்,
பிடியில் பாதி கிழிந்த டைனோசர் ஸ்டிக்கர்.
கட்டைவிரலால் தேய்த்துச் சூடாக்கி
இமைமயிரை விளிம்பில் அழுத்தி மடக்கினாள்.
உதடு அசைய பத்து வரை எண்ணினாள்.
மஸ்காரா அதற்குப் பின்பு;
முன்பே பூசிவிட்டுச் சுருட்டினால் ஒடியுமாம்.
வலது கண் சான் லாசரோவில் முடிந்தது.

மொரேலோஸ் தாண்டி, பூமிக்கு அடியில்
வண்டி நின்றது.
விளக்கு போனது.
யாரோ அன்னை மரியாவைக் கூப்பிட்டார்கள்,
யாரோ மேலதிகாரியைத் திட்டினார்கள்.
இடது கண் இன்னும் நேற்றிரவிலேயே இருந்தது.

இருட்டில் ஒரு சின்னச் சத்தம்:
மஸ்காராக் குப்பியிலிருந்து தூரிகை உருவுகிற
அந்த 'ப்ளக்'.
அவள் நிறுத்தவில்லை.

வெளிச்சம் வந்தபோது
இரண்டு கண்ணும் விரிந்திருந்தன, ஒன்றுபோல.
மூக்கின் மேல் ஒரு கரிய கோடு.
பெட்டியே பார்த்தது,
முட்டைக்காரிகூட வாய் திறக்கவில்லை.
என் பையில் பஞ்சு இருந்தது; நீட்டினேன்.
துடைத்தாள். கோட்டோடு பவுடரும் போய்
அந்த இடத்தில் மட்டும்
அவள் மூக்கு அவள் மூக்காக நின்றது.
அதன்மேல் மறுபடி பொட்டு, மறுபடி ஒற்றல்.
க்ரீம், பவுடர் மேல்.
சுவர். மழை.
"மூக்குதானே" என்றாள் எங்கள் எல்லோருக்கும்.

உதடு கடைசி,
ஏனென்றால் அடோலே குடிக்க வேண்டும்.
நுரைக் குவளையில் ஆறிப்போன சோளக்கஞ்சியை
ஒரே மூச்சில் முடித்தாள்,
வாயைத் துடைத்தாள், சிவப்பை இழுத்தாள்,
கெரேரோவில் கதவு மூடுமுன் குதித்தாள்.
படிக்கட்டில் ஏறிப்போனது
அட்டையில் இருந்த முகம்.

இருக்கையில் கரண்டி கிடந்தது.

புவேனாவிஸ்தாவில் இறங்கி, வீட்டுக்கு வந்து,
என் காபியை அதில்தான் கலக்குகிறேன்.
கழுவினேன், கழுவினேன்.
சர்க்கரை முதலா பால் முதலா
எனக்கு ஒரு பிடிவாதமும் இல்லை.
இன்று மாலை அந்த வீட்டில்
ஏதோ ஒரு சின்ன வாய்
வேறு கரண்டி வேண்டாம் என்று அழும்.
நாளை ஐந்து ஐம்பது.
முதல் பெட்டி.
மறக்காமல் இதை எடுத்துவைக்க வேண்டும்,
தூங்குவதற்கு முன்பு.